ஆற்றுக்கு இக்கரையில் ஒரு பட்டம்

கண்டியிலிருந்து தெல்தோட்டைக்குப் போகும் பஸ் வண்டி, கெட்டம்பேயைத் தாண்டிப் பூந்தோட்டத்தை அண்மித்ததும், கலஹாச் சந்தியில் இடப்புறம் திரும்புகின்றது. திரும்பிய சில நிமிடங்களில் வீதியின் இரு மருங்கிலும் ஓங்கிய மரங்களும், அவற்றினூடே பல்கலைக்கழகக் கட்டடங்களும் தோன்றுகின்றன. ஒருபுறம் ஹந்தானை மலைச்சரிவு, மறுபுறம் மகாவலி. பேராதனைப் பல்கலைக்கழகத்தைக் காண்பதற்கென்று இப்பகுதி மக்கள் தனியே புறப்பட வேண்டியதில்லை. கலஹா, தெல்தோட்டைத் தோட்டங்களில் வாழ்வோர் கண்டிக்கு வந்து அரிசியும் பருப்பும் வாங்கிக்கொண்டு திரும்பும்போதெல்லாம் அதன் நடுவாகவே பிரயாணஞ் செய்கிறார்கள். சாளரத்தின் வழியே பார்த்துக்கொண்டே போகிறார்கள். இறங்குவோர்தாம் சிலர்.

அண்மையில் ஒரு நாள் நாமும் அந்த வண்டியில் அமர்ந்திருந்தோம். அருகில் நடுவயதான ஓர் அம்மையார். மடியில் ஒரு துணிப்பை. அதனுள்ளே பத்திரமாக ஒரு கடித உறை. செனற் மண்டபம் தெரிந்தபோது அவர் நம்மைப் பார்த்து, "ஐயா, இதுதானே கெம்பஸ்?" என்று கேட்டார். ஆமென்றோம்.

"மகனுக்கு இங்கேதான் கிடைச்சிருக்கு. ஆனால் இஞ்சினியருக்கு இல்லை. கணக்கும் கொம்பியூட்டரும் படிக்கிறதாம். கொஞ்சத்திலே தவறிப்போச்சு ஐயா. நாலு நாளாக வீட்டில் ஒருத்தரோடும் பேசவில்லை."

அந்தக் ‘கொஞ்சம்' எவ்வளவு என்று விசாரித்தோம். தசமப் புள்ளிக்குப் பின் மூன்றாம், நான்காம் இடங்களில் நின்ற சிறு வித்தியாசம் அது. அந்த வித்தியாசம் ஒரு வீட்டை மௌனத்தில் ஆழ்த்தியிருக்கிறது. ஆண்டுதோறும் இத்தீவின் எத்தனையோ வீடுகளில் நிகழும் சங்கதிதான் இது. ஆயினும், மகாவலியின் அக்கரையிலுள்ள பொறியியற் பீடத்துக்குப் போக முடியாத பிள்ளை, இக்கரையிலுள்ள விஞ்ஞான பீடத்தில் எதனைப் பெறப் போகிறது என்பதைப் பெற்றோருக்கு எடுத்துச் சொல்வார் அரிதாகவே உள்ளனர். அம்மையாருக்கு வண்டியில் நாம் சொன்னதையும், நேரமின்மையாற் சொல்லாது விட்டதையும் இங்கே எழுத எண்ணுகிறோம்.

முதலில் அந்தத் தசமத்தானத்தையே எடுத்துக்கொள்வோம். க.பொ.த. உயர்தரப் பரீட்சையில் கணிதப் பிரிவு மாணவர் இணைந்த கணிதம், பௌதிகவியல், இரசாயனவியல் என்னும் மூன்று பாடங்களுக்குத் தோற்றுகின்றனர். ஒரு பாடத்தில் எல்லோரும் குறைவாகவே புள்ளி வாங்குகிறார்கள், மற்றொன்றில் எல்லோரும் தாராளமாக வாங்குகிறார்கள் என்று வையுங்கள். இரண்டிலும் 70 வாங்கிய மாணவனுக்கு அவ்விரண்டு எழுபதும் ஒரே பெறுமதி உடையனவா? முதற் பாடத்தில் எல்லோருடைய இடை 40, நியம விலகல் 15 ஆயின், 70 என்பது இடையிலிருந்து இரண்டு விலகல் உயரத்தில் நிற்கிறது. அடுத்த பாடத்தில் இடை 55, விலகல் 10 ஆயின், அதே 70 ஒன்றரை விலகல் உயரத்தில்தான் நிற்கும். புள்ளியிலிருந்து இடையைக் கழித்து, வருவதை நியம விலகலால் வகுத்தால் கிடைப்பதே இசட் புள்ளி. மூன்று பாடங்களின் இசட் புள்ளிகளைக் கூட்டிச் சராசரி காண்பார்கள். பேராதனையைச் சேர்ந்த பேராசிரியர் ஆர். ஓ. தட்டில் முன்மொழிந்த இம்முறை 2001ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்தது.

இதற்கு முன்னர் நடந்தவற்றைத் தமிழ்க் குடும்பங்கள் எளிதில் மறப்பதற்கில்லை. 1971ஆம் ஆண்டு அனுமதியின்போது பொறியியலுக்குத் தமிழ் மொழியிற் பரீட்சை எழுதியோர் 250 புள்ளி பெறவேண்டியிருந்தது; சிங்கள மொழியில் எழுதியோருக்கு 227 போதுமாயிருந்தது. பௌதிக விஞ்ஞானத்துக்கு இவை முறையே 204, 183. ‘தரப்படுத்தல்' என்ற சொல் ஒரு தலைமுறையின் வாயிற் கசந்தது இவ்வாறுதான். பின்னர் மொழிவாரிக் கணக்குப் போய் மாவட்டவாரிக் கணக்கு வந்தது. இந்நாளில் விஞ்ஞானத் துறைகளுக்கு நூற்றுக்கு 40 வரையான இடங்கள் அகில இலங்கைத் திறமை அடிப்படையிலும், 55 வரை மாவட்டங்களின் சனத்தொகைக்கேற்பவும், எஞ்சிய 5 கல்வியிற் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கும் வழங்கப்படுகின்றன.

இதிலே கண்டிப் பகுதிக்கு உரிய ஒரு சிக்கல் உண்டு. நுவரெலியாவும் பதுளையும் அந்தப் பதினாறில் அடங்கும், கண்டி அடங்காது. கண்டி நகரின் பெரும் பாடசாலைகளைக் கணக்கில் வைத்தால் அது நியாயமாகவே தோன்றும். ஆனால் தெல்தோட்டை கண்டி மாவட்டத்தைச் சேர்ந்தது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் வர்த்தக முறையில் முதன்முதல் தேயிலை பயிரிட்ட லூல்கந்துரைத் தோட்டமும் அப்பக்கத்திலேதான் இருக்கிறது. அங்குள்ள தோட்டப் பாடசாலை மாணவன், மாவட்டப் பங்கீட்டில், கண்டி நகரத்து மாணவனோடு ஒரே வரிசையில் நிறுத்தப்படுகிறான். மலைக்கு அப்பால், அதே தேயிலை, அதே லயம், அதே ஆசிரியர் பற்றாக்குறை. ஆனால் வேறு மாவட்டம், வேறு வரிசை. மாவட்ட எல்லையைக் கீறியவர்கள் பிள்ளைகளை நினைத்துக் கீறவில்லை. எனவே, கொஞ்சத்திலே தவறிய அம்மையாரின் மகன் உண்மையில் எவ்வளவு தூரம் ஏறி வந்திருக்கிறான் என்பதை அந்த நான்காம் தசமத்தானம் நமக்குச் சொல்லாது.

இசட் புள்ளியும் தவறாகக் கையாளப்படக் கூடியதே. 2011ஆம் ஆண்டுப் பரீட்சைக்குப் பழைய பாடத்திட்டத்திற் படித்தோரும் புதிய பாடத்திட்டத்திற் படித்தோரும் ஒருங்கே தோற்றினர். இரு சாராரையும் ஒன்றாகக் கலந்து புள்ளி கணித்தார்கள். வெவ்வேறு வினாத்தாளுக்கு விடை எழுதிய இரு கூட்டத்தாருக்கு ஒரே இடையும் ஒரே விலகலும் எங்ஙனம் பொருந்தும்? வழக்கு உயர் நீதிமன்றம் வரை போயிற்று. 2012இல் நீதிமன்றம் அக்கணக்கைத் தள்ளி, இரு சாராருக்கும் தனித்தனியே கணிக்குமாறு பணித்தது. நியம விலகல் என்ற சொல் அவ்வாண்டு வீட்டுத் திண்ணைகளிலும் பேசப்பட்டது. கணிதமும் புள்ளிவிபரவியலும் கற்க வரும் மாணவன், தன் வாழ்க்கையின் போக்கைத் தீர்மானித்த அந்த எண்ணின் உள்ளுறுப்புகளைக் கழற்றிப் பார்க்கும் தகைமையை இரண்டொரு ஆண்டுகளிற் பெற்றுவிடுகிறான். வேறெந்தப் பீடத்து மாணவனுக்கும் இவ்வாய்ப்பு இவ்வளவு நேராகக் கிட்டுவதில்லை.

பல்கலைக்கழகத்தைப் பற்றியும் இரண்டு வார்த்தை. இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டுமென்று 1906இலேயே இயக்கம் நடத்தியவர் சேர் பொன்னம்பலம் அருணாசலம். பேராதனையில் ஒரு மாணவர் விடுதி அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. 1942இல் கொழும்பில் இலங்கைப் பல்கலைக்கழகம் தோன்றியது. 1952 முதல் அது படிப்படியாகப் பேராதனைக்குப் பெயர்ந்தது. விஞ்ஞான பீடம் இங்கு அமைந்தது 1961இலேதான். அதற்கு முன்னர் கணிதம் கற்பிக்கப்பட்டது கொழும்பிலே. அங்கே 1949 முதல் பத்தாண்டுக் காலம் கணிதப் பேராசிரியராக விளங்கிய சி. ஜே. எலியேசர் ஒரு தமிழர். கேம்பிறிட்ஜில் டிராக் என்னும் பேரறிஞரிடம் பயின்றவர். பின்னர் மலாயாவிலும், அவுஸ்திரேலியாவின் லாட்ரோப் பல்கலைக்கழகத்திலும் பணிபுரிந்தார். கணிதம் நமக்கு அந்நியமான துறையன்று என்பதற்கு வேறு சான்று தேடவேண்டியதில்லை.

கணினி விஞ்ஞானம் மட்டும் புதிதன்றோ என்று கேட்பீர்கள். புதிதுதான், ஆனால் அது பிறந்த வீடு கணிதமே. 1936இல் அலன் டியூரிங் என்னும் ஆங்கில இளைஞர் ஒரு கட்டுரை எழுதினார். எந்தக் கணித வினாவுக்கும் உண்டு, இல்லை என்று விடை கூறவல்ல பொதுவானதொரு முறை இருக்க முடியுமா என்பதே அவர் எடுத்துக்கொண்ட வினா. ‘முறை' என்றால் என்னவென்று முதலில் வரையறுக்க வேண்டியிருந்தது. அதற்காக அவர் ஒரு கற்பனை யந்திரத்தை மனத்தில் அமைத்தார். நீண்ட நாடா, அதிலே குறிகள், குறியைப் பார்த்து அடுத்த செயலைத் தீர்மானிக்கும் சிறு விதிகள். அவ்வளவே. மின்சாரக் கணினி கட்டப்படுமுன்னரே, கணினியால் எவை இயலும், எவை ஒருபோதும் இயலா என்பது தாளில் நிறுவப்பட்டுவிட்டது. நம் நாட்டிலும் கதை அவ்வாறே. கொழும்புப் பல்கலைக்கழகத்திற் கணினிக் கல்விக்கு அடித்தளமிட்ட பேராசிரியர் வி. கே. சமரநாயக்க கணிதத்தில் முதல் வகுப்புப் பெற்றவர். கணிதத் துறையிலிருந்தே அப்பணியைத் தொடங்கியவர். 2007இல் அவர் காலமானபோது நாட்டின் தகவல் தொழில்நுட்பத்துக்குத் தந்தை என்று போற்றப்பட்டார்.

கொழும்பிலும் யாழ்ப்பாணத்திலும் கணினி விஞ்ஞானத்துக்கெனத் தனி அனுமதி வாசல் உண்டு. பேராதனை விஞ்ஞான பீடத்திலோ பௌதிக விஞ்ஞானம் என்னும் பெருவாசல் வழியாக நுழைந்து, கணிதம், புள்ளிவிபரவியல், கணினி விஞ்ஞானம், பௌதிகவியல் முதலியவற்றைத் தெரிந்து கற்கலாம். மூன்றாண்டில் முடிப்பது பொதுப் பட்டம். அதற்கு 90 திறமைச் சித்தி அலகுகள். நான்காண்டு கற்பது சிறப்புப் பட்டம்; அதற்கு 120. தொடக்க ஆண்டுகளின் பெறுபேறுகளே சிறப்புப் பட்டத்துக்கு வழி திறக்கின்றன. இதனைப் பல மாணவர் காலங்கடந்தே உணர்கிறார்கள். ‘முதலாம் ஆண்டு பழகுவதற்கு, இரண்டாம் ஆண்டிலிருந்து படிக்கலாம்' என்று மூத்த மாணவர் யாரேனும் சொன்னால் அதனைக் காதில் வாங்க வேண்டாம்.

இனி, அங்கே உண்மையிற் படிப்பது யாது?

பாடசாலையில் கணிதமென்றால் கணக்குச் செய்தல். வகையீடு, தொகையீடு, விசைகளின் சமநிலை, எறியம் என்று ஆயிரம் கணக்குகளைக் கடந்த வினாத்தாள்களிலிருந்து செய்து பழகிய கை, ஆயிரத்தோராவது கணக்கைத் தானாகவே செய்துவிடும். ரியூசன் வகுப்புகள் வளர்ப்பதும் இத்திறனையே. பல்கலைக்கழகத்தில் முதல் மாதமே நிலைமை மாறுகிறது. விரிவுரையாளர் கரும்பலகையில் ஒரு கூற்றை எழுதுகிறார். அது பார்த்தவுடனே உண்மையென்று தோன்றுகிறது. ‘நிறுவுக' என்கிறார். மாணவன் திகைக்கிறான். தெரிந்த உண்மையை ஏன் நிறுவ வேண்டும்? எங்கே தொடங்குவது? எந்தச் சூத்திரம்? சூத்திரமில்லை. வரையறையிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அடிக்கும் காரணம் காட்டி, இறுதிவரை நடக்க வேண்டும். பாடசாலையில் எப்பொழுதும் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கியவர்கள் இவ்விடத்தில் தடுக்கி விழுவதுண்டு. விழுந்தவர்கள் தமக்கு மூளை குறைந்துவிட்டதென்று எண்ணி வீட்டுக்குச் சொல்லாமல் மறைப்பதும் உண்டு. பெற்றோர் இதை அறிந்து வைத்திருத்தல் நன்று. மூளை குறையவில்லை, விளையாட்டு மாறிவிட்டது.

இராமாநுஜனையே நினைத்துப் பாருங்கள். கும்பகோணத்துக் கல்லூரியில் ஆங்கிலத்திற் தவறி உபகாரச் சம்பளத்தை இழந்தவர் அவர். 1913இல் அவர் ஹார்டிக்கு அனுப்பிய கடிதங்களிலே விடைகள் நிறைந்திருந்தன, நிறுவல்கள் இல்லை. நிறுவல் வேண்டும், வேண்டும் என்று ஹார்டி வற்புறுத்திக்கொண்டேயிருந்தார். அவ்வளவு பெரிய மேதைக்கே அந்த மாற்றம் எளிதாயிருக்கவில்லை.

நிறுவல் எதற்கு, யந்திரந்தான் விடை சொல்லிவிடுமே என்று கேட்போருக்காக ஓர் உதாரணத்தைச் சற்று விரிவாகவே சொல்கிறோம். சிறுவர்களும் ஒரு தாளை எடுத்துக்கொண்டு பின்தொடரலாம்.

ஒன்று, அதனோடு அரை, அதனோடு மூன்றிலொன்று, பின் நாலிலொன்று, ஐந்திலொன்று என்று கூட்டிக்கொண்டே போங்கள். கூட்டும் பங்கு வரவரச் சிறுக்கிறது. ஆயிரமாவது முறை கூட்டுவது ஆயிரத்திலொன்றுதான். இக்கூட்டுத்தொகை ஓர் எல்லையில் நின்றுவிடுமா, நில்லாமல் வளருமா?

மாணவன் கணினியிடம் கேட்கிறான். நாலு வரிச் செய்நிரல் போதும். கூட்டுத்தொகை பத்தைத் தாண்டுவதற்கே 12,367 பங்குகள் தேவைப்படுகின்றன. மேலும் ஓடவிடுகிறான். 32 இருமக் குறிகளில் எண்ணைச் சேமிக்கும் வழக்கமான முறையைக் கையாண்டால், ஏறத்தாழ 21 இலட்சம் பங்குகளின் பின் தொகை 15.4க்கு அருகில் வந்து அப்படியே நின்றுவிடுகிறது. இன்னும் ஒரு கோடி பங்கு கூட்டினாலும் அசைவதில்லை. ‘நின்றுவிட்டது' என்று யந்திரம் ஐயமின்றிச் சாட்சி சொல்கிறது.

யந்திரம் சொன்னது பிழை. பதினாலாம் நூற்றாண்டில் நிக்கொலே ஒறேம் என்னும் பிரெஞ்சு அறிஞர் காட்டிய வழி இது: மூன்றிலொன்றும் நாலிலொன்றும் சேர்ந்தால் அரைக்கு மேல். ஐந்திலொன்று முதல் எட்டிலொன்று வரை நாலு பங்கு. ஒவ்வொன்றும் எட்டிலொன்றுக்குக் குறையாதது. ஆகவே அவையும் சேர்ந்து அரைக்கு மேல். அடுத்த எட்டுப் பங்கும் அவ்வாறே. அடுத்த பதினாறும் அவ்வாறே. இப்படி அரை அரையாக எத்தனை வேண்டுமானாலும் சேர்க்கலாம். எனவே கூட்டுத்தொகைக்கு எல்லையே இல்லை. நூறு, ஆயிரம், இலட்சம், எதையும் ஒரு நாள் தாண்டும். கணினி இல்லை, மின்சாரம் இல்லை. அறுநூறு ஆண்டுகளுக்கு மேலாக அந்நிறுவல் அசையாமல் நிற்கிறது.

யந்திரம் ஏன் பொய் சொல்லிற்று? அது பொய் சொல்லவில்லை. அதன் கண்ணுக்கு எட்டவில்லை. தன்னிடமுள்ள சில இருமக் குறிகளில் 15.4 என்ற பெரிய எண்ணை எழுதிக்கொண்ட பின், அதனோடு சேரவேண்டிய மிகச் சிறிய பங்கை எழுத இடமில்லை, ஆகவே விட்டுவிடுகிறது. அதிலும் ஒரு விந்தை: அந்த இடத்தில் உண்மையான தொகை சுமார் 15.13. முழுமையாக்கும் சிறு பிழைகள் முன்னமே சேர்ந்து சேர்ந்து தொகையைச் சற்று உயர்த்திவிட்டன. எங்கே பிழை சேரும், எவ்வளவு சேரும், எந்த ஒழுங்கிற் கூட்டினால் அது குறையும் என்பதை ஆராய்வதற்கே ஒரு பாடம் உண்டு. வங்கிக் கணக்கும், பாலத்தின் பாரமும், வானிலை முன்னறிவிப்பும் இத்தகைய கூட்டல்களாலேயே நடைபெறுகின்றன. கணிதமும் கணினியும் ஒன்றாகக் கற்கும் மாணவனின் தனிச் சிறப்பு இதுவென்று நாம் கருதுகிறோம். செய்நிரல் எழுதப் பலர் அறிவர். ஆறு மாத வகுப்பிலும் அதனைக் கற்கலாம். யந்திரம் சொன்ன விடையை எப்பொழுது நம்பக் கூடாது என்று அறிந்தவர் சிலரே. யந்திரங்களே செய்நிரலை எழுதித் தருகின்ற இந்நாளில் அச்சிலருக்குத் தேவை கூடியிருக்கிறதேயன்றிக் குறையவில்லை.

மொழியைப் பற்றிப் பேசாமல் விட முடியாது. உயர்தரம் வரை தமிழிற் கற்ற பிள்ளை, விஞ்ஞான பீடத்தில் ஆங்கிலத்தில் விரிவுரை கேட்க வேண்டும். தொகையீடு ‘இன்டகிரேஷன்' ஆகிறது, நியம விலகல் ‘ஸ்ரான்டட் டீவியேஷன்' ஆகிறது, தாயம் ‘மேட்றிக்ஸ்' ஆகிறது. தொடக்கத்தில் ஆங்கில வகுப்புகள் நடத்துகிறார்கள். ஆனால் விரிவுரையின் வேகம் வேறு. இவ்விடயத்தில் கணித மாணவன் மற்றவர்களைக் காட்டிலும் அதிர்ஷ்டசாலி. கணித நூலொன்றில் வரும் ஆங்கிலம் மிகச் சுருங்கியது. ‘எனின்', ‘ஆகவே', ‘ஒவ்வொரு', ‘ஏதேனும் ஒன்று', ‘இருப்பின், இருந்தால் மாத்திரம்' என்ற சில சொற்களின் நுட்பம் பிடிபட்டால் பாதித் தூரம் கடந்தாயிற்று. குறியீடுகள் எம்மொழிக்கும் பொது. தமிழில் வரையறையைத் தெளிவாக அறிந்தவன் ஆங்கிலத்தில் அதனை வாரக்கணக்கிற் பிடித்துக்கொள்வான். தமிழிலும் மனனஞ் செய்தே வந்தவனுக்குத்தான் இரு மொழியும் ஒருங்கே கைவிடும். ஆகையால் பெறுபேறு வந்தபின் பல்கலைக்கழகம் திறக்கும்வரை காத்திருக்கும் நீண்ட மாதங்களில், ஆங்கிலத்தில் எழுதப்பட்ட எளிய கணித நூலொன்றைக் கையிற் தமிழ்ப் பாடநூலை வைத்துக்கொண்டு பக்கம் பக்கமாக ஒப்பிட்டுப் படிப்பது நல்ல முயற்சி. நாளொன்றுக்கு இரண்டு பக்கம் போதும்.

செலவைப் பற்றியும் அம்மையார் கேட்டார். அரசாங்கப் பல்கலைக்கழகத்திற் படிப்புக்குக் கட்டணமில்லை. 1981இல் நிறுவப்பட்ட மகாபொல நிதியத்தின் புலமைப்பரிசிலும், அது கிட்டாதோருக்கு வேறு உதவிப் பணமும் உண்டு. வீட்டு வருமானத்தைக் காட்டி உரிய காலத்தில் விண்ணப்பிக்க வேண்டும். தோட்டத்துப் பிள்ளைகள் இவற்றை இழப்பது பெரும்பாலும் தகுதியின்மையால் அன்று, பத்திரங்களைத் தேடிக் கிராம சேவகரிடமும் பிரதேச செயலகத்திலும் அலையத் தாமதிப்பதனாலேயே. மடிக்கணினி ஒன்று தேவைப்படும் என்பது மெய். ஆனால் முதல் நாளே வேண்டியதில்லை. பீடத்தின் கணினிக் கூடத்திலும் வேலை செய்யலாம். விலையுயர்ந்த யந்திரத்தைக் கடன்பட்டு வாங்குவதைவிட, பழுதுபார்த்த பழையதொன்றைப் பின்னர் வாங்குவது மேல். கணித மாணவனுக்கு அதிகம் செலவாவது தாளும் பென்சிலுமே.

படித்து முடித்தவர் எங்கே போகிறார்? கொழும்பிலுள்ள மென்பொருள் நிறுவனங்கள், வங்கி, காப்புறுதி, புள்ளிவிபரத் திணைக்களம், மேற்படிப்பு என வழிகள் பல. ‘பொறியியலாளர்' என்பதைப்போல மாப்பிள்ளைச் சந்தையில் விலைபோகும் ஒற்றைப் பெயர் இவர்களுக்கு இல்லை என்பது உண்மைதான். கல்யாணக் கடிதத்தில் அடைப்புக்குறிக்குள் என்ன போடுவதென்று திகைப்பார்கள்! இன்னொரு வழியையும் சொல்லவேண்டும். மலையகத்துத் தமிழ்ப் பாடசாலைகள் பலவற்றில் உயர்தரத்துக்கு இணைந்த கணிதம் கற்பிக்க ஆசிரியரில்லை. ஆசிரியரில்லாத பாடசாலையில் கணிதப் பிரிவே இராது. பிரிவு இல்லையேல் பிள்ளை கலைப் பிரிவுக்குப் போகும், அல்லது நகரத்தில் அறை எடுத்துத் தங்கும். கணிதப் பட்டதாரி ஒருவர் ஊருக்குத் திரும்பினால் ஒரு பாடசாலையில் ஒரு வகுப்பே புதிதாகத் திறக்கிறது. திரும்ப வேண்டுமென்று எவரையும் நாம் வற்புறுத்தவில்லை. நகரத்துச் சம்பளம் பெரிதென்பதை அறிவோம். கணக்கு இவ்வாறிருக்கிறது என்பதையே சொல்கிறோம்.

வண்டி ஹிந்தகலவைக் கடந்து மலையேறத் தொடங்கியிருந்தது. ஒன்று, அரை, மூன்றிலொன்று என்ற கூட்டலை நாம் அம்மையாருக்கு விரல் மடித்துச் சொல்லிக் காட்டினோம். சிறிய பங்கை யந்திரம் எழுதாமல் விட்டுவிடும் என்ற இடம் வந்ததும் அவர் முகம் மலர்ந்தது.

"எங்க தராசும் அதே மாதிரிதான் ஐயா," என்றார். "நாளைக்கு மூணு தரம் கொழுந்து நிறுப்பாங்க. கிலோவுக்கு மேலே நிக்கிற கொஞ்சத்தை எழுத மாட்டாங்க. ஒரு தரத்திலே ஒண்ணும் தெரியாது. மாசக் கடைசியிலே பார்த்தாத்தான் எவ்வளவு போச்சுன்னு தெரியும்."

முழுமையாக்கும் வழுவை இவ்வளவு சுருக்கமாக விளக்கிய விரிவுரையை நாம் இதுவரை கேட்டதில்லை. இதைத்தான் உங்கள் மகன் நாலாண்டு படிக்கப் போகிறான், அம்மா, என்றோம்.

அவர் சிறிது நேரம் வெளியே பார்த்துக்கொண்டிருந்தார். கலஹாவில் இறங்கும்போது பையிலிருந்த கடித உறையை ஒருமுறை தொட்டுப் பார்த்துவிட்டு, "அப்போ எவ்வளவு வெட்டினாங்கன்னு அவனுக்குக் கணக்குப் போட முடியுமா?" என்று கேட்டார். முடியும் என்றோம்.